மூன்று மாலை, மூன்று பிளாஸ்திரி

கத்தரி மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் இறங்கும் சத்தம் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. காய்ந்த வாழைச்சருகை யாரோ ஓசைப்படாமல் மிதிக்கப் பார்த்தது போல இருக்கும். மெதுவாக நறுக்கினால் இன்னும் அதிகமாகக் கேட்கும்.

போன வாரம் என் முழங்காலுக்கு மாத்திரை வாங்கத் தம்பானூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். தெருவெல்லாம் பெண்கள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற பொங்காலைக்கு ஆறு நாள் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி வாயைத் திறக்கவே இல்லை. கைப்பையின் வாரை இரண்டு விரலால் திருகிக்கொண்டு, "பொங்காலைக்கு" என்று மட்டும் உதட்டை அசைத்தார். கவுண்டருக்குள் உங்களில் ஒருத்தி நின்றாள், வெள்ளைக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையாதவள். அவள் தலையசைத்து, அட்டையை எடுத்து, ஒன்பது மாத்திரை நறுக்கி, காகித உறையில் போட்டு, உறையின் வாயை மடித்து நீட்டினாள். வாங்கியவர் முகத்தில் நிம்மதி. கொடுத்தவள் முகத்தில் பெருமை.

அந்தப் பெருமையை எனக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தில் அது முப்பது வருடம் குடியிருந்தது. அந்தச் சத்தத்தோடு வீட்டுக்கு வந்தவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மருந்தாளுநர் படிப்பு முடித்துப் புதிதாகக் கடைக்கு வருகிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மருந்தாளுநர் சங்கத்தில் கேட்டு மாதம் மூன்று ஆகிறது. நெருக்கடியில் நான் சமாளித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. டாக்டரின் கிறுக்கல் எழுத்தில் பத்து மடங்கு அளவைக் கண்டுபிடித்து ஒரு கிழவரைக் காப்பாற்றியது, வெள்ளத்தில் இன்சுலினை ஐஸ் பெட்டியோடு தலையில் சுமந்தது, இப்படி. அவற்றை எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை. இதுதான் நகர்கிறது.

வலியசாலையில், அக்கிரகாரத் தெரு தொடங்குகிற முனையில் எங்கள் கடை. நான் நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வந்த வருடமே கவுண்டருக்குள் ஏறினேன். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக் கடைகளில் பெண் நிற்பது அரிது. அதனால் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஆண் நிற்கிற நேரமென்றால் எதிர்ச் சாரியில் நின்று காய்கறி விலை கேட்பது போலப் பாவனை செய்து, நான் வந்ததும் தெருவைக் கடந்து வருவார்கள். அவர்கள் கேட்கிற சிரமத்தை நான் மிச்சப்படுத்தினேன். தலை குனிந்தால் நாப்கின். கழுத்தைத் தடவினால் வெள்ளைப்படுதலுக்கு மருந்து. கவுண்டர் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தால் கீழ் டிராயர். கர்ப்பச் சோதனை அட்டை, ஆணுறை, அவசரக் கருத்தடை மாத்திரை எல்லாம் அந்தக் கீழ் டிராயரில்தான் இருக்கும். கண்ணில் பட்டால் மாமிகள் கடைக்கு வர மாட்டார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொடுப்பேன். 'அவகிட்டப் போனா கேக்கவே வேண்டாம், அவளே எடுத்துத் தந்துடுவா' என்று தெருவில் எனக்குப் பெயர்.

கேட்க வைக்காதவள். நானும் கேட்காதவள். இந்த இரண்டாவது பாதியை நான் அப்போது யோசித்ததே இல்லை.

பொங்காலைக்கு முந்தின வாரம் எங்கள் கடையில் அந்த மாத்திரை ஓடுகிற ஓட்டத்தை இந்த ஊரில் நிற்கிற நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. தெருவில் செங்கல் அடுக்கிப் பானை வைக்கிற நாளில் தூரமாகிவிடக் கூடாது. கல்யாணம், கொலு, குடும்பத்தோடு கோயில் பயணம், எதற்கும் அதேதான். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. சீட்டு யாரும் கொண்டுவந்ததில்லை, நானும் கேட்டதில்லை. பெட்டிக்குள் நான்காக மடித்து ஒரு காகிதம் இருக்கும், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். நறுக்கிக் கொடுக்கும்போது அந்தக் காகிதம் யாருக்கும் போகாது. பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

தொற்றுக் காலம் முடிந்து, அடுப்புகள் மறுபடி தெருவுக்கு வந்த வருடம் அது. எல்லாருக்கும் அடக்கி வைத்திருந்த ஆசை. அக்கிரகாரத்திலிருந்து ஒரு மாமி தனக்கும் மகளுக்கும் சேர்த்து முழு அட்டையாகக் கேட்டார். "பாக்கி இருந்தா பூஜை ரூம் ஷெல்ஃப்ல கிடக்கட்டும், அடுத்த விசேஷத்துக்கு ஆகும்" என்றார். கொடுத்தேன். அந்த மகளைக் கௌரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயர் இல்லை. பதினாறு வயது, பிளஸ் ஒன். அவளுக்கு முதல் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்த அன்று சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். கவுண்டர் கண்ணாடிக்கு அவள் நெற்றி எட்டின வருடம், மூக்கு எட்டின வருடம், முழங்கை ஊன்றின வருடம், எல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த வருட ஜனவரியில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வளரும் பெண்களுக்கான ஆரோக்கிய வகுப்பு. மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுவேன் என்பதால் என்னை. நாப்கினைப் பிரித்துக் காட்டினேன், இரும்புச்சத்து மாத்திரை பற்றிச் சொன்னேன், வயிற்று வலிக்கு வெந்நீர்ப் பை. பிள்ளைகள் கைதட்டினார்கள். 'இது எப்படி வருகிறது' என்று சொன்னேன். 'இது எப்போது வராமல் போகும்' என்பதைத் தொடவில்லை. அதைப் பயாலஜி டீச்சர் எடுப்பார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவரைக் கடையில் பார்த்தபோது சொன்னார், மருந்துக்கடை அக்கா வந்து எல்லாம் சொல்லிவிட்டார் என்று அவர் அந்தப் பாடத்தைப் படம் வரைந்து முடித்துக்கொண்டாராம். என்னை நம்பி அவர், அவரை நம்பி நான். நடுவில் நாற்பது பிள்ளைகள்.

முடிக்கும்போது நான் பெருமையாக ஒன்று சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எதையோ கேட்க எழுந்து, எல்லாரும் சிரித்ததும் உட்கார்ந்துவிட்டாள். அதற்காகச் சொன்னேன்: "என்ன சம்சயம் இருந்தாலும் கடைக்கு வாங்க. எங்கிட்டக் கேளுங்க. நான் இருக்கேன்."

கௌரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்து, சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் தனியாக வந்தாள். "ஒரு பிளாஸ்திரி வேணும்க்கா." கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றாள், இருமல் மிட்டாய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள், போனாள். மறுநாள் அதே நேரம் வந்தாள். ஒரு பிளாஸ்திரி. கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நிற்பது போல நின்றாள். அவர்கள் போனார்கள், வேறு மூன்று பேர் வந்தார்கள். போய்விட்டாள். அவள் கையிலும் காலிலும் காயம் எதையும் நான் பார்க்கவில்லை. இல்லை, பொய். பார்த்தேன். காயம் இல்லை என்பதைப் பார்த்தேன். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடு, கேட்காததைக் கிளறாதே. என் தொழில் தர்மம் என்று நான் நினைத்திருந்தது இதுதான்.

மூன்றாவது நாள் வந்தபோது நான் வேடிக்கை பண்ணினேன். "என்ன பிள்ளே, உங்க வீட்டுல தினம் குஸ்தியா நடக்கு?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கவுண்டரில் அப்போது ஒருவர்தான், அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கிற பெரியவர், தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்த மாத்திரைக்காக என் இடது கைப் பக்கம் நின்றார். கௌரி வலது ஓரத்துக்கு வந்து, கண்ணாடி மேல் இரண்டு கையையும் பரப்பி வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, ஒரு சம்சயம். பொங்காலைக்குப் போட்டோமே, அந்த மாத்திரை. அது போட்டா கொழந்தை உண்டாகாது, அல்லே? இல்லேன்னா... வேற மாத்திரை உண்டா?"

இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தையால் கேட்க முடியாது. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அவள் கணக்கும் புரிந்தது. மாதம் வந்தால்தான் பெண் தாயாக முடியும் என்று நான்தான் அந்த வகுப்பில் சொன்னேன். மாதத்தை நிறுத்துகிற மாத்திரை வீட்டு பூஜை அறையில் இருக்கிறது. மீதியை அவள் தானே கூட்டிக்கொண்டாள். பிழையான கணக்குதான். ஆனால் அவள் கையில் நாங்கள் கொடுத்திருந்த எண்கள் அவ்வளவுதான்.

என் காது சுட்டது. பெரியவர் நின்ற பக்கம் என் கழுத்து தானாகத் திரும்பியது. அடுத்த கணம் என் வாயிலிருந்து வந்த குரல், அவள் கேட்ட குரலைவிடப் பெரிதாக இருந்தது.

"இதெல்லாம் பேசற வயசா உனக்கு? போ. போய் அம்மாகிட்டக் கேளு."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது. அடி வாங்கியவள் போலக்கூட ஆகவில்லை. எதிர்பார்த்து வந்தது கிடைத்தது போல, "சரிக்கா" என்றாள். பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெரியவர் குனிந்தார். "என்னவாக்கும் கேட்டா அந்தக் குட்டி? இந்தச் செவி எனக்கு ஆகாது, தெரியுமோல்லியோ."

அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"பிளாஸ்திரி மாமா."

"நேத்தைக்கும் பாத்தேனே. தினம் பிளாஸ்திரியா? சைக்கிள் படிக்கறாளாக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தெருவைப் பார்த்தேன். கௌரி கோயில் மதிலோரம் வரை போய், குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். வார் அறுந்திருக்கவில்லை. திரும்பி வர ஒரு காரணம் தேடுகிறவர்கள் அப்படிக் குனிவார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும், எட்டுகிற தூரம். பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். கடையில் யாருமில்லை. நானும், கீழ் டிராயரும், மின்விசிறியும். அவள் நிமிர்ந்து ஒரு தடவை கடைப் பக்கம் பார்த்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கி வைத்திருந்த டப்பாக்களை மறுபடி அடுக்கினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் நான் இங்கே நிறுத்திக்கொண்டால் உங்கள் பார்வையில் கொஞ்சம் தப்பித்துவிடுவேன். அதனால் மேலே எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் மாமி வந்தார். கூட்டம் இல்லாத மத்தியானம். முகத்தில் கவலை என்று ஒன்றும் இல்லை, வியர்வையும் அலுப்பும்தான்.

"ஒரு காரியம் கேக்கணும், கேட்டேளா. பொங்காலைக்குக் குடுத்தேளே அந்த மாத்திரை. எனக்கு ஒண்ணும் இல்லை. குட்டிக்குத்தான் அப்பறம் ஒரு தடவை வந்துது, பின்னே வரலை. ரெண்டு மாசமாச்சு. சூடாக்கும். வரவழைக்க ஏதாவது குடுங்கோ."

சிறு பெண்களுக்கு நாள் தவறுவது சகஜம், அது உண்மை. அந்த மாத்திரை சுழற்சியைக் குழப்பும், அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவதை நான் மறைத்தேன். ஏப்ரலில் அவர் மகள் என்னிடம் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. என் வலது கை கீழ் டிராயரின் பிடி மேல் போய் நின்றது. சோதனை அட்டையை எடுத்து மாமி கையில் வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணின் அம்மாவிடம், அக்கிரகாரத்தில், பகலில். என் மனம் அந்த வாக்கியத்தை உருவாக்கக்கூட மறுத்தது. அவர் செருப்பை வீசியிருப்பாரா? கத்தியிருப்பாரா? இனி இந்தக் கடைப் படி ஏறாமல் போயிருப்பாரா? போகட்டுமே. இன்று எளிதாக எழுதுகிறேன், போகட்டுமே என்று. அன்று கையை இழுத்துக்கொண்டேன்.

வரவழைக்கக் கொடுப்பதும் அதே மருந்துதான். ஐந்து நாள் சாப்பிட்டு நிறுத்தினால் வரும். நறுக்கினேன். அந்தச் சத்தம் அன்று எனக்குக் கேட்டது. உறையின் வாயை மடித்துக் கொடுக்கும்போது, "வரலேன்னா டாக்டரைப் பாருங்க மாமி" என்றேன். அக்கறையினால் சொன்னதில்லை. பின்னால் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.

மாமி போன பிறகு பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் எழுதித் தேறிய விஷயம்.

ஜூலைக் கடைசியில், மழை நாளில், பள்ளிக்கூடத்து மாடிப்படியில் கௌரி மயங்கி விழுந்தாள். ஒரு டீச்சர் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்தாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு சட்டப்படி நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. போலீஸ், குழந்தைகள் நலக் குழு, கவுன்சலிங். காரணமானவன் அவளோடு டியூஷன் படித்தவன், அவனுக்குப் பதினேழு. அவனைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. டாக்டர்கள் கூடிப் பேசினார்கள், வீட்டார் பேசினார்கள், கடைசியில் பிரசவம் என்று முடிவானது. அவளை யாராவது உட்கார வைத்து 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டார்களா, தெரியவில்லை. கேட்டிருப்பார்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

விஷயம் தெரிந்த அன்று ராத்திரி சுவர்க் காலண்டரைக் கழற்றிக் கட்டிலில் போட்டுக்கொண்டு எண்ணினேன். டாக்டர் சொன்ன வாரக்கணக்கு, அவள் பிளாஸ்திரி வாங்கிய தேதிகள். திரும்பத் திரும்ப எண்ணினேன். முதல் மாலை அவள் வந்தது, அது நடந்த மறுநாளாகத்தான் இருக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு எழுபத்திரண்டு மணி நேரம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும், சீக்கிரம் சாப்பிடச் சாப்பிட நல்லது என்பதும் தெரியும். அவள் அந்த மூன்று நாளும் என் முன்னால்தான் நின்றாள். மூன்று நாளும் என் கைக்கும் அந்த மருந்துக்கும் இரண்டு அடி தூரம்தான். நான் மூன்று பிளாஸ்திரி கொடுத்தேன்.

ஒரு பெண் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். மாத்திரை பற்றி விசாரித்தார். பொங்காலைக்கு எல்லாரும் வாங்குவதுதான், வாங்கினார்கள் என்றேன். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, தெரியுமில்லையா என்று அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வீட்டிலும் வருடா வருடம் வாங்குவதுதான் என்றார். போகிற போக்கில், அந்தப் பெண் பெரியவர்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லையாம், அவளே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள், கேட்டிருந்தால் யாராவது உதவியிருப்பார்கள் இல்லையா என்றார்.

நான் "ஆமா" என்றேன்.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்து ஓய்ந்தேன். பயமா, பெருந்தன்மையா, என்னைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பா. கடைசியாகச் சொன்னதுதான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து, இரும்புச்சத்து டானிக்கோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். தெரு முழுக்க ஜன்னல்கள் பார்த்தன. மாமி என்னைச் சமையலறைக்குள் அழைத்து உட்கார வைத்தார். காப்பி கலந்தார், எனக்குக் கொடுக்க மறந்து மேடையிலேயே வைத்தார். பக்கத்து அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கட்டில் ஓரத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன, வெள்ளிக் கொலுசோடு.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி அழ ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னேள். டாக்டரைப் பாருங்கோன்னு அன்னிக்கே சொன்னேள். நாந்தான் கேக்கலை. சூடு சூடுன்னு மோரைக் கலக்கிக் கலக்கிக் குடுத்தேன். ஒரு அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? உங்களுக்குத் தோணித்து, எனக்குத் தோணலியே."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்குள் என் கை கிடந்தது. அறைக்குள் கொலுசு ஒருமுறை அசைந்து நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறாள் என்றும் தெரியும்.

"அழாதீங்க மாமி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன். நான் ஏப்ரலில் செய்தது கோழைத்தனம், மே மாதம் செய்தது அதைவிட மோசம். ஆனால் பிள்ளைகளே, ஆகஸ்டில் அந்தச் சமையலறையில் செய்ததைத்தான் நான் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் நினைக்கிறேன். ஒரு தாய் என் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு டிசம்பர் வரை அந்த எறும்பு எழுத்தோடு வாழ்ந்தேன். நான் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை உள்ளே இருந்த உயிரை என்ன செய்திருக்கும்? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள். அப்போதுதான் எனக்கு அவள் நின்ற நிலை கொஞ்சம் விளங்கியது. நான் படித்தவள், ஐம்பது வயதைத் தாண்டியவள், தெரிந்த டாக்டர்கள் பத்துப் பேர் உண்டு. எனக்கே வாய் வரவில்லை. அவள் மூன்றாம் நாளாவது வாயைத் திறந்தாள்.

குழந்தை கொஞ்சம் எடை குறைவாக, குறையில்லாமல் பிறந்தது. நலக் குழு வழியாக வேறொரு வீட்டுக்குப் போனது. பெண் குழந்தை என்று கேள்விப்பட்டேன்.

கடையில் நான் இருந்த கடைசி இரண்டு வருடத்தில் கீழ் டிராயரைக் காலி பண்ணி, அதில் இருந்ததையெல்லாம் கண்ணாடி அலமாரியில், பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலாளி முணுமுணுத்தார். கவுண்டரின் வலது ஓரத்தில் ஒரு தட்டியும் ஒரு ஸ்டூலும் போட்டேன். யார் வந்து அந்த மாத்திரை கேட்டாலும், 'யாருக்கு, எத்தனை வயசு, டாக்டரைப் பார்த்தாச்சா, இது எதைச் செய்யும் எதைச் செய்யாது தெரியுமா' என்று வாயால் கேட்டேன். சில மாமிகள் வேறு கடைக்குப் போனார்கள். 'அவளுக்கு இப்போ வாய் ஜாஸ்தி' என்று பெயர் மாறியது. பள்ளிக்கூடத்துக்கு மறுபடி கேட்டுப் போனேன். இந்த முறை பயாலஜி டீச்சரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து முழுசாகச் சொன்னோம். பிள்ளைகள் சிரிக்கவில்லை. இதையெல்லாம் நான் மாறிவிட்டேன் என்று காட்டச் சொல்லவில்லை. எவ்வளவு எளிதாக இருந்தது என்று சொல்கிறேன். ஒரு தட்டி, ஒரு ஸ்டூல், நாலு கேள்வி.

மாமியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவும் அதே பழைய கைதான், டிராயரின் பிடியில் நின்றுவிட்ட கை.

மறுவருடப் பொங்காலைக்கு முந்தின வாரம், கௌரியைத் திருநெல்வேலியில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே படிப்பைத் தொடர. ரயிலுக்குப் போகிற வழியில் ஆட்டோ கடை முன்னால் நின்றது. மாமி பெட்டிகளோடு உள்ளேயே இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மட்டும் இறங்கி வந்தாள். ஒல்லியாகியிருந்தாள், பின்னலை இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது ஓரத்துக்கு வந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடம். கண்ணாடி மேல் இரண்டு கையும்.

பயணத்துக்கு வாந்தி மாத்திரை கேட்டாள். கொடுத்தேன். அவள் கேட்காமலே ஒரு பிளாஸ்திரி அட்டையையும் எடுத்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு அந்த மாமா நிக்காம இருந்திருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பேளா?"

பத்து மாதமாக நான் ஒளிந்துகொண்டிருந்த ஒரே மூலை அதுதான். பெரியவர் நின்றார், அதனால்தான். அதை எடுத்து நீட்டியிருக்கலாம், அவள் வாங்கிக்கொண்டும் இருப்பாள். மதிலோரம் குனிந்து நின்ற அந்த உருவம் என் கண் முன்னால் வந்தது. காலியான கடையும், நான் அடுக்கிய டப்பாக்களும்.

"இல்ல பிள்ளே. சொல்லியிருக்க மாட்டேன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிளாஸ்திரி அட்டையை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள்.

"தெரியும்" என்றாள். "சும்மா கேட்டேன். வரேன்க்கா."